அரங்கத்துத் துடக்கு

தலைமுடியில் இன்னும் சாம்பிராணி மணக்கிறது. உன் செத்தவீட்டிலிருந்து செவன் கிங்ஸில் நம் வீட்டுக்குத் திரும்பி, கோட்டைக்கூடக் கழற்றாமல் குளியலறை வாசலில் நிற்கிறேன். குழாயைத் திறக்கிறேன், மூடுகிறேன். துடக்கென்னும் சாவுத்தீட்டுப் போகத் தலைமுழுகித் தோயாமல் எதையாவது தொட்டால் நீ ஏசுவாய்.

சிநேகிதிகள் நாம் இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நகரத்து அலுவலகமொன்றில் துப்புரவு வேலை செய்த காலம். அங்கே கில்ட்ஹால் என்ற பழைய மண்டபத்தின் முற்றத்தைத் தோண்டியதில் ரோமானியரின் விளையாட்டரங்கம் வெளிப்பட்டிருந்தது. ஷிப்ட் முடிந்ததும் நீதான் என்னை இழுத்துக்கொண்டு போனாய். வேலிக்குள் நின்ற அகழ்வாய்வுப் பெண் நம் அரைகுறை ஆங்கிலத்துக்குப் பொறுமையாகப் பதில் சொன்னாள். முதலில் மரத்தால் கட்டினார்களாம், பிறகு கல்லால். மனிதரோடு மனிதரையும் மிருகங்களையும் மோதவிட்டார்களாம். கைதிகளைக் கொன்றார்களாம். சனம் சுற்றியிருந்து கத்தி ரசித்ததாம். இரத்தத்தை உறிஞ்ச மணல் பரப்பியிருந்தார்களாம். தண்ணீர் வடிய வைத்த மரக்கால்வாய் இன்னும் உக்காமல் கிடந்தது.

செத்தவர்களின் பெயர் தெரியுமா என்று கேட்டாய். அவள் தலையை ஆட்டி இல்லை என்றாள். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம்.

வீட்டு வாசலில் என் கையைப் பிடித்தாய்.

"எடியே, ஒண்டையும் தொடாதை. முதல் தோஞ்சிட்டு வா."

"ரோமாக்காரன் செத்ததுக்கும் எங்களுக்குத் துடக்கோ? உனக்கென்ன விசரே?"

"அவங்கட தாய்மாருக்குச் செய்தி போயிருக்காது. ஆராவது தோயத்தானே வேணும்."

அந்தக் குளிரிலும் பச்சைத் தண்ணீரில் தோய்ந்தாய். பல் கிடுகிடுக்க நீ வெளியே வந்தபோது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்ப தம்பிக்கு?"

ஊரில் சண்டை நேரம் உன் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனதோடு சரி, பிறகு ஒரு தகவலும் இல்லை. சாவுக் கிரியை செய்துவிடலாம் என்று உன் அம்மாவே எழுதிவிட்டா. நீ துவாயை முறுக்கியபடி என்னைப் பார்த்தாய்.

"செய்தி வரட்டும்."

அதன்பிறகு தொலைபேசி மணி அடிக்கும் போதெல்லாம் நீ அடுப்பை அப்படியே விட்டு ஓடினாய். கறி அடிப்பிடித்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் என்னைக் கண்டதும், "ஏதும் வந்ததோ?" என்றுதான் கேட்டாய்.

இப்போது கீழே தொலைபேசி மணி அடித்தது. ஈரக் கையோடு விழுந்தடித்து ஓடினேன். யாரோ எண் மாறி எடுத்திருந்தார்கள்.

திரும்ப வந்து குழாயைத் திறந்திருக்கிறேன். தோயத்தான் போகிறேன். ஆனால் இது உனக்கு மட்டும். உன் தம்பிக்குத் தோய, செய்தி வரட்டும்.