போர்டுக்கு வைத்த பொட்டு

டீச்சர், இன்று காலை பள்ளியில் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குழைத்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் முந்தானைதான் ஞாபகம் வந்தது.

அட்டெண்டர் என்பது எனக்குப் பெயருக்குத்தான். நான் இல்லாவிட்டால் இந்தப் பெங்களூர் ஹைஸ்கூலில் ஒரு விளக்கும் எரியாது. படிப்பை எட்டாவதோடு நிறுத்தினேன். அதற்கு மேல் சொல்லிக்கொடுக்க வாத்தியார்களிடம் சரக்கு இல்லை.

ஸ்மார்ட் போர்டும் முப்பது டேப்லெட்டும் வந்த வருஷம் அது. வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று கமிட்டி நேரில் பார்த்து முடிவுசெய்யும் என்றார்கள். பிள்ளைகள் டேப்லெட்டில் எழுதும் பதில் உடனே போர்டில் தெரியும். இரண்டு வருஷமாக வகுப்பில் வாயே திறக்காத கடைசி பெஞ்சு நஸீமா அதில்தான் முதன்முதலாகப் பதில் சொன்னாள். "இது திரும்பிப் போயிட்டா அவ மறுபடியும் வாயை மூடிக்குவாண்ணா" என்று தவித்தீர்கள்.

ஆயுத பூஜை லீவு முடிந்த மறுநாள் கமிட்டி வந்தது. பள்ளி மணியிலிருந்து தண்ணீர் மோட்டார் வரை பொட்டு வைப்பவன் நான். அவ்வளவு பெரிய போர்டை விடுவேனா? கண்ணாடியில் கறை படியக்கூடாதென்று, விவரமாக, சட்டத்தின் உள்விளிம்பு முழுக்கச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தேன். மைசூர் தசரா யானைகூட அப்படி ஜொலித்திருக்காது.

கமிட்டி முன்னால் போர்டு பேயாட்டம் ஆடியது. யாரும் தொடாமலே கோடு போட்டது. பாடம் தானாகப் புரண்டது. கமிட்டித் தலைவர் கன்னடத்தில், "ஏனம்மா இது", என்னம்மா இது என்று அலுத்துக்கொண்டார். நான் ஸ்டூல் போட்டு ஏறி பிளக்கைப் பிடுங்கி மறுபடியும் செருகினேன்.

"வோல்டேஜ் சார். நம்ம ஏரியா வோல்டேஜுக்குக் கொழுப்பு ஜாஸ்தி."

பிள்ளைகள் சிரித்தார்கள். நீங்கள் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அங்கே கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஓடுகிறது, ஏதாவது அதை மறைத்தால் விரல் பட்டதாகப் போர்டு நினைத்துக்கொள்ளும் என்று பிற்பாடு எனக்கு விளக்கினீர்கள். அப்போது முந்தானையால் அத்தனை பொட்டையும் துடைத்தீர்கள். போர்டு அடங்கியது. கேள்வி போட்டீர்கள். முதலில் வந்த பதில் நஸீமாவுடையது. சரியான பதில்.

"என்னம்மா கோளாறு?" என்றார் தலைவர்.

"வோல்டேஜ்தான் சார். முனுசாமியண்ணா சரிபண்ணிட்டாரு" என்றீர்கள், மஞ்சளும் சிவப்புமான முந்தானையைச் சுருட்டி மறைத்துக்கொண்டே.

போர்டு நமக்கே நிலைத்தது. அன்றிலிருந்து ஜோகுபாளையத்தில் நான் இன்ஜினீயர். ஒயிட்ஃபீல்டு ஐடி கம்பெனிக்காரர்கள் என்னிடம் சந்தேகம் கேட்டு வருவதாகச் சொல்லிவைத்திருக்கிறேன். ஒருவர் வந்தது நிஜம், அல்சூருக்கு வழி கேட்டு.

நீங்கள் போன பிறகு இது முதல் பூஜை. இப்போது எல்லா வகுப்பிலும் போர்டு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன், ஒரு சாண் தள்ளி, சுவரில். தினமும் முதல் மணி அடிப்பதற்கு முன்னால் உலர்ந்த துணியால் விளிம்புகளைத் துடைக்கிறேன். உங்கள் இடத்துக்கு வந்த புது டீச்சர், "எதுக்குண்ணா தினமும்?" என்று கேட்டார்.

"வோல்டேஜும்மா" என்றேன்.

என் கதைகளில் நீங்கள் சாட்சி சொன்னது அது ஒன்றுக்குத்தான் டீச்சர். அதை மட்டும் ஒரு சொல்கூடச் சேர்க்காமல் வைத்திருக்கிறேன்.