அட்வான்ஸ் வாங்கியாச்சு

ஆவணி, வெள்ளிக்கிழமை

இன்று சாயங்காலம் கிளப்பிலிருந்து எனக்கு அட்வான்ஸ் வந்துவிட்டது! ரக்பி ஆடுவதற்குச் சம்பளம்! இதுவரை ஜெயித்தால் ஆளுக்கொரு எவர்சில்வர் குடம்தான் கொடுத்து அனுப்புவார்கள். எங்கள் பரண் முழுக்கக் குடம்.

அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். சங்ககிரியில் எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் லாரி ஓட்டுகிறவர். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"வழிச் செலவுக்குப் பேட்டா தனியாத் தருவாங்களா, சம்பளத்துலயே சேத்தியா?"

"தெரியலீங்கப்பா."

"அடிபட்டுப் படுத்துட்டா ஆரு பாக்கறது?"

"கேக்கலீங்கப்பா."

"அட்வான்ஸ் வாங்கிட்டா வண்டி ஏறியே ஆகோணும் சாமி. அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கேட்டுப்போடோணும். போனைப் போடு."

கோச் அக்காவுக்குப் போட்டேன். பேட்டா தனியாம்! அடிபட்டால் யார் பார்ப்பது என்றும் கேட்டேன். "இதை இதுவரைக்கும் யாருமே கேக்கலை. எல்லாருக்கும் சேர்த்தே கேட்டுச் சொல்றேன்" என்றார்.

வலது முட்டி வலியைப் பற்றி நான் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. சரியாகிவிடும்.

நான் மைதானத்துக்குக் கிளம்பினாலே "ஆடப் போறா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர் அப்பா. இன்று சாப்பிட்டு முடித்ததும் அம்மா என்னைப் பாத்திரம் கழுவக் கூப்பிட்டார். அப்பா குறுக்கே விழுந்தார்.

"உடு. பாப்பா காத்தால வேலைக்குப் போகோணும்."