கோ அண்ட் கம், சார்

வண்டி சமயநல்லூரைத் தாண்டிவிட்டது. எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டிருக்கிறார். பாச்சை உருண்டை நெடி. என் மடியில் கிடக்கிற உங்கள் கோட்டிலிருந்துதான் வருகிறது. மூடினால் மூடிக்கொள்ளட்டும், எனக்கென்ன! நீங்கள் ஒரு நாளும் போடாத கோட்டு இன்று என்னோடு மலாய் நாட்டுக்குக் கப்பலேறப் போகிறது. ஈப்போவில் டீச்சர் வேலை. அன்று உங்களுக்குக் கிடைத்ததே அதே பள்ளிக்கூடம்தான்.

உங்கள் இண்டர்வியூவை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மலாய்க்கு ஆள் எடுத்த வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நான் காத்து நின்றேன். வெளியே வந்த உங்கள் முகம் செத்துப்போயிருந்தது.

"கேட்டதுக்கெல்லாம் நல்லாத்தான் பதில் சொன்னேன் புள்ள. எந்திரிச்சு வரையில வாய் சும்மா இருந்துச்சா? 'ஐ வில் கோ அண்ட் கம், சார்'னுட்டேன்."

"அதுக்கு அவரு?"

"மறுபடி எதுக்கு வரப்போறீங்கன்னு கேக்குறாரு. வாரேன்னு சொல்லாம வர்றதுக்கு அது என்ன எழவு வீடா? இத எப்படி நான் இங்கிலீஷ்ல சொல்ல?"

கீழமாசி வீதி நெடுக நான் சிரித்துக்கொண்டே வந்தேன். நீங்கள் நாலடி தள்ளி, யாரோ எவரோ மாதிரி நடந்தீர்கள். ஆனாலும் துரை வேலையைக் கொடுத்துவிட்டார். அப்புறம் உங்கள் அலட்டலைக் கேட்க வேண்டுமா? புதுமண்டபத்துத் தையல்காரரிடம் கோட்டுத் தைக்கக் கொடுத்தீர்கள். கை விரல்நுனி வரை வந்தது. "கழுவிப்போட்டா சுருங்கிரும்" என்று அவர் சொன்னதை நம்பி வாங்கிக்கொண்டு வந்தீர்கள். "வளர்ற புள்ளைக்குத் தச்சாப்புல இருக்கு" என்றேன். மகன் பார்க்காமல் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

பெட்டி கட்டி வைத்தோம். கப்பலுக்குச் சேதி வருமுன் மலாய்க்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். சண்டை முடியட்டும், சேர்ந்தே போவோம் என்றீர்கள். அதற்குள் உங்களுக்கு விஷ ஜுரம் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியில் படுக்க வைத்தபோது, அந்தச் சூட்டிலும் தலையைத் தூக்கி, "வாரேன் புள்ள" என்றீர்கள்.

வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. செத்துப்போனவரோடு என்ன கோபம் என்று ஊர் கேட்கும். எனக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அந்தச் சொல் எனக்கு வாயில் வருவதில்லை. பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினால் செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் இறங்கிவிடுவேன். அத்தை வாசல்வரை வந்து நின்று பார்ப்பார், ஒன்றும் கேட்டதில்லை. சண்டை முடிந்து துரையிடம் நான் இண்டர்வியூவுக்குப் போனபோதும் "தேங்க் யூ, சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வேலை கிடைத்ததைச் சொன்னதும் அத்தை எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டார். வாடிப்பட்டியிலிருந்து உங்கள் தம்பி குடும்பத்தோடு வந்து இருக்கச் சம்மதித்தார். என்றாலும் மகனைப் பறிகொடுத்தவரை நானும் விட்டுவிட்டுப் போகிறேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தையோ மறுநாளே நார்த்தங்காய் வாங்கி ஊறுகாய் போட உட்கார்ந்துவிட்டார். "அவன் கோட்டையும் எடுத்துக்க. கப்பல்ல குளிருமாம்ல" என்றார்.

இன்று காலை ஜட்கா வந்து நின்றது. பெட்டியை ஏற்றியாயிற்று. ஊறுகாய்ச் சாடி இருந்த கூடையை வாங்கக் கை நீட்டினேன். அத்தை கூடையை விடவில்லை.

"எம்புட்டு நாளைக்குத்தா இத எழவு வீடாவே வச்சிருப்ப? நானும் பாக்குறேன், ஒருநா ஒருபொழுது நீ சொல்லிட்டு எறங்குனதில்ல. கடல் தாண்டிப் போறவ, சொல்லிட்டுப் போத்தா."

நான் கூடையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அத்தைக்குக் கண் நிறைந்துவிட்டது; கூடையை மட்டும் விட்டபாடில்லை.

"வாரேன், அத்தை."

"அவன மாதிரி ஏமாத்தாம வந்து சேரு" என்று சொல்லிக் கூடையைக் கொடுத்தார்.

பார்த்தீர்களா, உங்கள் மேல் கோபம் எனக்கு மட்டும் இல்லை. இத்தனை நாளும் நான் ஒருத்தியே சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோழவந்தான் வந்துவிட்டது. ஜன்னலில் காற்று குளிராக அடிக்கிறது. கோட்டைப் போட்டுக்கொண்டுவிட்டேன். கை விரலையெல்லாம் மூடுகிறது. மடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

வாரேங்க.