உன் குறுவைத் தண்ணீர்

மச்சான் தங்கையனுக்கு சலாம்.

நமக்குள் வரப்பு வழக்கு வந்ததிலிருந்து நேரில் பார்த்தால் நம் வாய் சும்மா இருப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

மேட்டூர் அணை திறக்காமல் என் குளம் சேறாகி, நான் வளர்க்கும் கோய் என்ற வண்ண மீன்களில் தாய் மீன்கள் மூச்சுக்குத் தவித்தபோது, குறுவை நெல்லுக்கு ஓடிய உன் போர்வெல் தண்ணீரை என் பக்கம் திருப்பிவிட்டாய். தடுத்த உன் மகனிடம், "நெல்லு அடுத்த போகத்துல வந்துரும்டா. பாயோட மீனு அம்பது வருசம் வாழ்ற உசுரு" என்றாயாமே.

புதுத் தண்ணீர் பட்டதும் அவை முட்டையிட்டுவிட்டன. குஞ்சுகளில் சிவப்பும் வெள்ளையும் அழுத்தமாக நிலைப்பவை கொஞ்சம்தான். அதில் முதல் ஜோடி உனக்கு, விற்பனைக்கில்லை.

வழக்கை வாபஸ் வாங்கிவிட்டேன். வரப்பை நீ சொன்ன இடத்திலேயே போடு. மீனுக்கு ஐம்பது வருஷம் இருக்கிறது, நமக்கு இல்லை மச்சான். சாயங்காலம் டீக்கு வா.

உன் மடைத் தண்ணீரில் பிழைத்த
பக்கத்துக் குளத்துக்காரன்