ஜன்னலை மறைத்த கல்யாண பிளக்ஸ்

கந்தர்வக்கோட்டை

அன்பு மகன் அருண்குமாருக்கு, பெறாமல் வளர்த்த உன் சித்தப்பன் எழுதிக்கொள்வது. நானும் உன் சித்தி செல்வராணியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், தோகாவில் நீயும் மருமகளும் பேரனும் அப்படியே இருக்க வேண்டும். போன் என்றால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால் இந்தக் கடிதம்.

நம் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் ரோட்டுப் பக்க ஜன்னல் வழியே செப்புக் கம்பி தெரிகிறது, களவாணிக்கு வெற்றிலை பாக்கு வைத்த மாதிரி இருக்கிறது, மறையுங்கள் என்று அங்கிருந்து ஆணையிட்டாய். சக்கரவர்த்தியின் ஆணையை மீறுவேனா? சித்தியின் சேலையைக் கட்டினேன், மறுநாளே அவள் அதை அவிழ்த்து உடுத்திக்கொண்டு வளைகாப்புக்குப் போய்விட்டாள். பச்சை வலை கட்டினேன், உள்ளே லைட்டைப் போட்டதும் நான் முதுகு சொறிவது தஞ்சாவூர் வரைக்கும் தெரிந்தது. கண்ணாடியின் வெளிப்பக்கம் மைதாப் பசை தடவிப் பழைய பேப்பர் ஒட்டினேன், ஜில்லாவில் உள்ள ஆடெல்லாம் பந்தி போட்டுத் தின்றுவிட்டுப் போயின. கடைசியில் உன் கல்யாண பிளக்ஸை இழுத்து ஆணி அடித்தேன். கோட்டு போட்டு நீ சிரித்துக்கொண்டு நிற்க, ஊசி முனை வெளிச்சம்கூட உள்ளே போகவில்லை.

பன்னிரண்டாம் நாள் பட்டப்பகலில், நான் சாப்பிடப் போன நேரம், பின்கதவைப் பெயர்த்துக் கம்பி அத்தனையையும் கொண்டுபோய்விட்டார்கள். எதிர் டீக்கடைக் கண்ணாத்தாளுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. "நீங்க உள்ள வேல பாக்குறீகன்னு இருந்துட்டேண்ணே, முன்னயெல்லாம் டீ ஆத்தயில கண்ணு தானா அங்கிட்டுப் போகும், இப்ப ஒங்க மகன் பல்லுதான தெரியுது" என்கிறாள். இத்தனை வருஷமும் பட்டறைக்குக் காவல் அவள் கண்ணும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கண்ணும்தான் என்பது அப்போதுதான் நம் இரண்டு மகா மூளைகளுக்கும் எட்டியது.

இதைக்கூடச் சிரித்துத் தொலைத்திருப்பேன். கதவு பெயர்ந்து கிடக்கிறது என்று சொன்ன பிறகும், "சாவி ஒங்ககிட்டதான சித்தப்பா இருந்துச்சு?" என்று கேட்டாயே. உனக்கு அம்மை போட்டபோது பதினோரு நாள் வேப்பிலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனிடம் கேட்டாய். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த உன் சித்தி, கொதிக்கிற உலையை இறக்கி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

இப்போது ஜன்னலுக்கு இரும்பு வலை மட்டும், திரை கிடையாது. நான் எழுவதையும் உட்காருவதையும் ஊரே பார்க்கலாம். சாவி கண்ணாத்தாள் கடை ஆணியில் தொங்குகிறது, தினமும் அவளிடம் கேட்டு வாங்கித்தான் திறக்கிறேன்.

மூவரும் நூறாண்டு இருங்கள், எங்கள் ஆசீர்வாதம் என்றைக்கும் உண்டு. பேரனுக்குச் சளி என்றாயே, ஏசியைக் குறை. உன் பிளக்ஸை எறியவில்லை, முகம் உள்பக்கமாகச் சுருட்டிப் பரணில் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
சாவி கையில் இல்லாத உன் சித்தப்பன்
உடையப்பன்