பாசிப் பெட்டி

9 செப்டம்பர் 2024

காலையில் அங்கன்வாடிக்குக் கிளம்பும்போது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாலையில் திரும்பி வந்தபோதும் அதே இடம், அதே பக்கம் சாய்ந்த தலை. மூடி வைத்துவிட்டுப் போன சோற்றில் எறும்பு மொய்த்திருந்தது. அத்தனை பிள்ளைகளுக்குப் பாட்டுப் பாடி, பூனை காட்டி, முட்டையும் சோறும் உள்ளே தள்ளிவிட்டு வருகிறேன். நாற்பது வயது மனிதனை ஒரு கவளம் சாப்பிட வைக்க முடியவில்லை.

ஆடி மாதத்தில் படகு கவிழ்ந்ததிலிருந்து இப்படித்தான். ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்து மணல்திட்டில் அலை தூக்கிப் புரட்டிவிட்டது. எஞ்சின் பிடித்தவர் இவர். முன்னால் அணியத்தில் நின்றவன் பூபதி, இவர் தம்பி. இவர் நீந்திக் கரைக்கு வந்தார். பூபதியை அலைதான் கொண்டுவந்தது, மறுநாள்.

உன்னால்தான் என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. யாராவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பார்.

12 செப்டம்பர்

பூபதியின் மீன் தொட்டியில் ஒரு மடவை செத்து மிதந்தது. கண்ணாடி முழுக்கப் பாசி. மற்ற மீன்கள் உள்ளே இருக்கின்றனவா என்றே தெரியவில்லை.

வலையில் வரும் குஞ்சுகளில் நாலைந்தை உயிரோடு வாளியில் கொண்டுவந்து வளர்த்தான் அந்தப் பைத்தியம். மீன் பிடிக்கிறவன் வீட்டில் மீன் வளர்ப்பானா என்று கிண்டல் செய்வேன். "அண்ணி, இதுங்க விருந்தாளிங்க. குழம்புல போட்டுறாத" என்பான்.

செத்ததை வெளியே எறியப் போனேன். அவர் எழுந்து வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வாசல் மணலைத் தோண்டிப் புதைத்தார். மீனை! எதிர்வீட்டுக்காரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பார்த்துக்கொள்ளட்டும்.

எழுந்தாரே.

16 செப்டம்பர்

நாள் முழுக்கப் போனில் ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். வெள்ளைக்காரன் பேசுவது இவருக்கும் புரியாது, எனக்கும் புரியாது. அவன் கையை மட்டும் பார்க்கிறார். அக்ரிலிக் தகடுகளை ஒட்டி ஒரு பெட்டி. நடுவில் தொங்கும் வலை. மேலே குழாயிலிருந்து தொட்டித் தண்ணீர் அந்த வலைமேல் வழிந்து இறங்குகிறது. பக்கத்தில் ஒரு விளக்கு. வெளிச்சத்தில் வலைமேல் பாசி வளரும். தண்ணீரில் உள்ள அழுக்கை அது தின்றுவிடும். தொட்டியில் பாசி பிடிக்காது. வாராவாரம் வலையைச் சுரண்டி எடுத்தால் போதும்.

எதுக்கு இதெல்லாம் என்று கேட்டேன்.

"இந்தத் தொட்டியில இனிமே ஒண்ணும் சாவக் கூடாது" என்றார்.

24 செப்டம்பர்

மீஞ்சூரில் பெயர்ப்பலகைக் கடை வைத்திருக்கும் தனசேகர் மீந்த அக்ரிலிக் தகடுகளைக் கொடுத்தான். இவர் ரம்பத்தால் அறுத்து, மணல்தாளில் தேய்த்து, படகுக்கு ஓட்டை அடைக்கிற பிசினைக் கலந்து ஒட்டினார். படகை ஒட்டத் தெரிந்த கைக்கு வேறு எது தோன்றும்? வீடெல்லாம் பிசின் நாற்றம்.

தொட்டி மேல் பொருத்தி மோட்டாரைப் போட்டதும் நாலு மூலையிலும் ஒழுகியது. மாலைக்குள் பிசின் தோலாக உரிந்து வந்துவிட்டது. தண்ணீரில் எண்ணெய் போல ஏதோ மிதந்தது. இரண்டு மடவை போய்விட்டன.

இரண்டையும் புதைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். "நான் தொட்டா எதுவும் தேறாது, விழி" என்றார்.

28 செப்டம்பர்

இன்று எங்கள் பாடு. ஏரியில் இந்த நாள் இந்த இடத்தில் நீதான் வலை கட்டலாம் என்று ஊரே கூடிச் சீட்டுப் போட்டுக் கொடுக்கும் முறை. இதற்காக மண்டை உடைந்த கதையெல்லாம் இந்த ஊரில் உண்டு. இவர் போகவில்லை. பங்காளி மாசிலாமணி வாசலில் வந்து நின்று, "அண்ணே, வெறுமனே படகுல வந்து ஒக்காரு. வலைய நான் பாத்துக்கறேன்" என்று கெஞ்சினான். இவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. கடைசியில் அவனே எங்கள் பெயரில் போய்க் கட்டினான்.

ஏரிப் பக்கத்து ஜன்னலை இவர் மூடியே வைத்திருக்கிறார்.

1 அக்டோபர்

மீஞ்சூர் போய்விட்டு வந்தார். நல்லதுதானே என்று சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் ஒரு சின்ன பாட்டில். குளோரோஃபார்ம் என்று எழுதியிருக்கிறது.

குளோரோஃபார்ம்.

சினிமாவில் கர்ச்சீப்பில் ஊற்றி முகத்தில் அமுக்குவார்களே, அதுவா? எதற்கு? யார்மேல்?

அரிசி டிரம்முக்குள் ஆழமாகப் புதைத்து வைத்துவிட்டேன். பக்கத்து அறையில் எதையோ தேடிக்கொண்டிருக்கிறார். இருமினால்கூட எட்டிப் பார்க்கிறேன்.

2 அக்டோபர்

விடுமுறை என்பதால் பக்கத்திலேயே இருந்தேன். தேடுகிறார். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

3 அக்டோபர்

அங்கன்வாடியில் பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டுப் பாதியில் ஓடி வந்தேன். மூச்சு வாங்க உள்ளே நுழைந்தால், தகடுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

"பாட்டில் எங்க?"

"எந்தப் பாட்டிலு?"

"ஒட்டறதுக்கு வாங்கியாந்தேன். தனசேகரு அதுலதான் ஒட்டுறான்."

ஒட்டுவதற்கா! நம்ப வேண்டும்போல இருந்தது. முடியவில்லை. வாயில் வந்துவிட்டது. "பொய் சொல்லாதயா. சாவறதுக்குத்தான வாங்கியாந்த? நான் ஒருத்தி இருக்கேன்னு நெனப்பு இருக்கா உனக்கு?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். மூடியிருந்த ஜன்னலைக் காட்டினார்.

"சாவணும்னா இதுக்கு நான் மீஞ்சூர் வரைக்கும் ஏன் போவப்போறேன்? எதிர்ல ஏரி இல்லியா?"

ஆறுதலுக்கு ஒரு மனிதன் சொல்கிற வார்த்தையா இது? அப்படியென்றால் யோசித்திருக்கிறார். எது பக்கம், எது தூரம் என்று.

டிரம்மிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டேன். பாட்டிலை அரிசிக்குள் ஒளிக்கலாம். ஏரியை எங்கே ஒளிப்பேன்?

4 அக்டோபர்

லீவு போட்டுவிட்டேன். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டுத்தான் பாட்டிலைத் திறக்க வேண்டுமாம், தனசேகர் உத்தரவு. ஆக, ஏரி ஜன்னலும் இன்று திறந்தது.

நான் தகடுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவர் ஊசிக்குழலால் இடுக்கில் சொட்டுச் சொட்டாக விட்டார். தண்ணீர் போல ஓடி உள்ளே போகிறது, பிடித்துக்கொள்கிறது. தித்திப்பாக ஒரு வாசனை.

"அசையாத."

"அசையல."

"மூச்ச மொகத்துக்கு நேரா வுடாத. அந்தாண்ட திரும்பு."

என் மூச்சைப் பற்றி இவருக்குக் கவலை! சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. அசையாமல் இருந்தேன்.

20 அக்டோபர்

ஒரு சொட்டு ஒழுகவில்லை. உள்ளே தொங்குவது பூபதியின் வலையிலிருந்து வெட்டிய துண்டு. வெட்டுவதற்கு முன் வெகுநேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். வலையில் பாசி பிடித்தால் மீன் விலகும் என்று உதறி உதறிக் காயவைத்தே வளர்ந்த மனிதர், இப்போது அதில் பாசி வருகிறதா என்று தினம் எட்டிப் பார்க்கிறார். பழுப்பாக ஏதோ பிடித்திருக்கிறது.

8 நவம்பர்

பச்சை! முடி முடியாகப் பச்சை. தொட்டித் தண்ணீர் தெளிந்துவிட்டது. மிச்சமிருக்கும் மீன்கள் கோடு போட்ட கீச்சான்கள்தான். அவை ஒன்றையொன்று துரத்துவது கட்டிலிலிருந்தே தெரிகிறது. வலையைச் சுரண்டி எடுத்த பாசியை முருங்கைக்கு உரமாகப் போட்டார். இரண்டு தோசை சாப்பிட்டார்.

இதை எழுதவே பயமாக இருக்கிறது.

30 நவம்பர்

காற்றும் மழையும். காலையிலேயே கரண்ட் போய்விட்டது. மோட்டார் நின்றது. குவளையால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்கிறார், மீனுக்குக் காற்று கிடைக்கட்டும் என்று. தோள் வலித்தால் நான்.

1 டிசம்பர்

கரண்ட் இல்லை. பெட்டியில் பாசி வெளுத்து அழுகி நாறுகிறது. தண்ணீர் கலங்கிவிட்டது. ஒரு கீச்சான் போய்விட்டது. அவர் மறுபடி கட்டிலுக்குப் போய்விட்டார்.

2 டிசம்பர்

மழை விட்டது. காலையில் மீதி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வாளியை எடுத்தார்.

"ஏரியில வுட்டுறேன்."

ஆடிக்குப் பிறகு முதல் தடவையாகத் தண்ணீர்ப் பக்கம் போகிறார். சந்தோஷப்பட வேண்டியது நான். தனியாக விட மனம் வரவில்லை. வாளியின் மறுபக்கக் காதைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தேன். மாசிலாமணி படகைத் தள்ளினான். நானும் ஏறினேன்.

"அண்ணி, நீ எங்க வர்ற? பொம்பளைங்க ஏற மாட்டாங்களே" என்றான் அவன்.

"மீனுக்குத் துணைக்கு வர்றேன். எஞ்சின எடு" என்றேன்.

முகத்துவாரம் கண்ணில் படாத பக்கமாகத்தான் ஓட்டினான். நல்லவன். அவர் குனிந்து வாளிக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். கையில் பிடித்தால் கீச்சான் கீச்சென்று கத்தும். கத்தியது. "போ. போடா" என்று தண்ணீரில் விட்டார். அந்த 'டா' எதற்கென்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் அழுதார். காரியத்தன்றுகூட அழாதவர் விளிம்பில் தலையை வைத்து அழுதார். தலை தண்ணீர்ப் பக்கம் இருந்தது. அவர் சட்டையைப் பின்னால் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன், கரை வரும்வரை விடவில்லை. மாசிலாமணி பார்க்காததுபோல் இருந்தான்.

வீட்டுக்கு வந்தால் கரண்ட் வந்திருந்தது. மீனில்லாத தொட்டியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. செத்த பாசிமேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

19 டிசம்பர்

பெட்டியைக் கழுவித் தனசேகரிடம் கொடுத்துவிட்டு வரப் போனார். அவன் மூலைகளைத் தடவிப் பார்த்து, "ஒரு குமிழி இல்லியே அண்ணே! நம்ம கடைக்கு வேலைக்கு வந்துடு" என்றானாம். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் டிபன் டப்பாவை எடுத்துத் தேய்த்து வைத்தேன்.

11 பிப்ரவரி 2025

இன்று எங்கள் பாடு. இனிமேல் அது மாசிலாமணிக்கே என்று போன ஊர்க் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டார். பாடு உரிமையோடு பிறந்தவர், வேண்டாம் என்று தன் வாயாலேயே சொன்னார். கூட்டத்தில் ஒருவரும் தடுக்கவில்லை. தொட்டியை அங்கன்வாடிக்குக் கொடுத்துவிட்டோம், பிள்ளைகள் அதில் பொம்மை போட்டு வைத்திருக்கிறார்கள். ஏரி ஜன்னல் மறுபடி மூடிவிட்டது. வீட்டில் மீன் சமைத்து எத்தனையோ நாளாகிறது.

காலையில் பொன்னேரி பஸ் ஏறி மீஞ்சூர் போகிறார். யார் யார் கடைக்கோ எழுத்து அறுத்து ஒட்டுகிறார். மாலையில் பஸ் தாமதமானால் இன்னும் என் கால் ஏரிப் பக்கம்தான் போகிறது. இன்றும் போனது. கரை ஓரமாக ரொம்ப தூரம் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். வீட்டில் விளக்கு எரிந்தது. கொடியில் அவர் சட்டை கிடந்தது.

எடுத்து முகர்ந்தேன். குளோரோஃபார்ம் வாசனை. அந்தத் தித்திப்பு.

இன்றைக்கும் வந்துவிட்டார்.