கட்கி சர்ச்சில் உன் வயலின்

உன் தம்பி இன்று காலை உன் வயலின் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். திறந்ததும் வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் வாசனை. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. உன்னோடு மறுபடியும் சண்டை போட வேண்டும் போலிருந்தது.

தொண்ணூறுகளில் நீ தளேகாவில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாய். தினமும் லோக்கல் ரயிலில் போய், விரலெல்லாம் பசையோடு கட்கியிலிருந்த வீட்டுக்குத் திரும்புவாய். ஊருக்குள் ஓர் இசைப்பள்ளி வயலின் ஆசிரியர் தேடியது. வாசித்துக் கேசட் அனுப்பச் சொன்னார்கள். அது கிடைத்தால் பசையை விட்டுவிடலாம். நான் வேலை பார்த்த ஸ்டுடியோவிலேயே பதிவு செய்யலாம் என்று முதலாளியிடம் அனுமதியும் வாங்கி வைத்தேன். நீ வந்து பார்த்தாய், எதிரொலி வராமலிருக்கச் சுவரில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சைத் தட்டினாய். "தலகாணிக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்குடி. எனக்கு வேணாம்."

பிறகு நீயாகவே பாதிரியாரைப் பார்த்து, வெள்ளைக்காரன் காலத்துக் கல் சர்ச்சில் ஒரு மத்தியானத்துக்கு இடம் கேட்டு வந்தாய். பதிவு மெஷினையும் இரண்டு மைக்கையும் பஸ்ஸில் சுமந்து வந்தவள் நான். உள்ளே போனதும் கை தட்டிப் பார்த்தேன். சத்தம் கூரையைச் சுற்றிவிட்டு ஆறஅமர இறங்கி வந்தது.

"இங்க வேகமா வாசிச்சா எல்லாம் கூழாயிடும்."

"அப்போ மெதுவா வாசிக்கிறேன்."

வேகமான உருப்படியைத்தான் மாதக்கணக்கில் பழகி வைத்திருந்தாய்! உன்னை மைக்குக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நான் ஹெட்போனை மாட்டுவதற்குள், நீ பீடத்தின் பக்கம் நகர்ந்துவிடுவாய். இழுத்து வந்து நிறுத்தினால் மறுபடி அங்கேதான்.

"அங்க போய் நின்னா எனக்குக் கட்டடம்தான் கேக்குது, நீ கேக்கல!"

"கட்டடமும் நல்லாத்தானே வாசிக்குது? விடேன்."

நீ ஒழுங்காக வாசித்தபோது லோக்கல் போனது. லோக்கல் இல்லாதபோது புறா சிறகடித்தது. இரண்டும் ஓய்ந்தபோது சாவி வைத்திருந்த காவலாளி, "தீதி, அவுர் கித்னா டைம்?" என்று, இன்னும் எவ்வளவு நேரம் ஆகுமெனக் கேட்டு வாசலிலிருந்து கத்தினார். எனக்கு மண்டை வெடித்தது.

கடைசியாக ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு சஹானா ராகத்தை ஆரம்பித்தாய். ஒரு பிடியை வாசித்துவிட்டு, அது கரையும்வரை வில்லைத் தூக்கிக் காத்திருந்தாய். பிறகு அடுத்தது. ரயில் வரவில்லை. காவலாளிகூட உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மெஷினில் சத்தத்தின் அளவைக் காட்டும் ஊசி நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே மூச்சைப் பிடித்திருந்தேன். சத்தம் முழுக்க அடங்கும்வரை வாயைத் திறக்காதே என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கடைசி ஸ்வரம் இன்னும் கூரையில் இருந்தது. நீ திரும்பினாய்.

"எப்படிடி இருந்துச்சு? செம பசி, வடாபாவ் சாப்பிடலாமா?"

வடாபாவும் கூரையைச் சுற்றி வந்தது. நான் திட்டியதும் அதன் பின்னாலேயே சுற்றியது.

அந்தக் கேசட்டை வெட்டாமல் ஒட்டாமல், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பள்ளிக்கு அனுப்பியவளை என்ன செய்வது? ஸ்வரங்கள் தெளிவாக இல்லை, வேறு அனுப்புங்கள் என்று பதில் வந்தது. நான் கொதித்தேன். நீ சிரித்தாய். கடைசியில் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஸ்டுடியோவில் உட்கார வைத்தேன். முகத்தைத் தூக்கிக்கொண்டே வேகமான உருப்படியை வாசித்தாய். வேலை கிடைத்தது. படுக்கையில் விழும்வரை அங்கேதான் பாடம் சொல்லிக் கொடுத்தாய்.

ஸ்டுடியோப் பதிவில் ஒரு குறையும் கிடையாது. அதை நான் திரும்பக் கேட்டதே இல்லை. சர்ச் கேசட்டின் நகலை மட்டும் தேய்ந்துபோகுமளவு கேட்டிருக்கிறேன். நீ பேசுவது பதிவாகியிருப்பது அதில் மட்டும்தான் என்பது நீ போய்ச் சேர்ந்த இந்த வாரம்தான் உறைத்தது.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது. வாசித்து முடித்தவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "மேடம், முடிஞ்சிடுச்சு, நிறுத்துங்க" என்று சைகை காட்டுகிறார்கள். நான் உடனே நிறுத்துவதில்லை. யாராவது ஏதாவது பேசட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஓடவிடுகிறேன்.